காதும் பீரோவும்

அந்தச் செல்லைக் கொஞ்சம் அமத்துங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க. உங்க செல்லு, உங்க கண்ணு, நான் கேக்கக் கூடாதுதான். ஆனா அந்த மாட்டுச் சத்தம் என்னால தாங்க முடியல. அதுல ஜிகினாச் சட்டை போட்டுக்கிட்டு சிவப்புத் துணிய ஆட்டுறான் பாருங்க ஒருத்தன், அந்த மாதிரி ஒருத்தன நேர்ல பாத்துட்டு வர்றேன் நான். நேர்லன்னா, இந்தா, டிரைவர் சீட்டுக்கும் நமக்கும் இருக்குற தூரம். ஸ்பெயின்ல.

ஏன் சிரிக்கிறீங்க? வேட்டி கட்டிக்கிட்டு சிவகங்கை பஸ்ஸுல உக்காந்திருக்கவன் ஸ்பெயினுக்குப் போக மாட்டானா? பெட்டியில ஏர்போட்டுக்காரன் ஒட்டுன சீட்டு அப்படியே இருக்கு, பாத்துக்கங்க. எம் மகன் அங்க இருக்கான். சின்னவன், வைரவன். காத்தாடி போட்டுக் கரண்டு எடுக்குற கம்பெனில இஞ்சினீயரு. 'வாங்கப்பா, அம்மாவக் கூட்டிக்கிட்டு வந்து கொஞ்ச நாளு இருங்க'ன்னு போன்லயே உசுர வாங்குனான். போனோம். நானும் எம் பொஞ்சாதி பஞ்சவர்ணமும் போனோம். இப்ப நான் மட்டும் வர்றேன். அதத்தான் சொல்ல வர்றேன், கேளுங்க.

நான் மாடு வளக்குறவன் தம்பி. சல்லிக்கட்டு மாடு. எங்க ஊரு கீழப்பொட்டல். எங்க பேரைச் சொன்னா வாடிவாசல்ல ஒதுங்கி நிப்பாங்க. பெருமைக்குச் சொல்லல, உள்ளதச் சொல்றேன். இப்ப நிக்கிறது மயிலை. எங்கிட்ட வர்றப்போ கன்னுக்குட்டி மாதிரி வருவான், வாடிவாசலத் தாண்டிட்டா எவனையும் தெரியாது அவனுக்கு.

பையன் குடியிருக்குற வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல எமிலியோன்னு ஒரு பெரிய மனுசன். நம்ம வயசுதான். நல்ல மனுசன், அதச் சொல்லணும். நான் மாடு வளக்குறவன்னு வைரவன் சொல்லிட்டான் போல, அன்னையிலேருந்து என்ன விடல. எனக்கு அவர் பாசை தெரியாது, அவருக்கு நம்ம பாசை தெரியாது. ஆனா மாடுன்னா என்ன பாசை வேணும்? திமில எப்படி அணையணும்னு அவர் தோளயே புடிச்சுக் காட்டுனேன். வாலப் புடிச்சா தப்பு, கொம்பப் புடிச்சா தப்புன்னு காட்டுனேன். மனுசன் கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிச்சாரு. அப்புறம் ஒரு நாளு ரெண்டு டிக்கெட்டோட வந்து நிக்கிறாரு. அவங்க ஊர்ல சாமி கும்புடுற திருவிழாவாம், மாட்டு விளையாட்டாம், முதல் வரிசையாம்.

'வேணாம்ப்பா, அது நம்மது மாதிரி இல்ல'ன்னான் வைரவன். 'நீ மாடு கயித்தக்கூடத் தொடாதவன், உனக்கென்ன தெரியும்?'னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன். நல்ல வேட்டி, வெள்ளைச் சட்டை, தோள்ல புதுத் துண்டு. சாமி காரியமாச்சே, அழுக்கா போக முடியுமா? பஞ்சவர்ணம் வாசல் வரைக்கும் வந்து பாத்துட்டு உள்ள போயிட்டா. அவ மாட்டு விளையாட்டுக்கு வர்றதில்ல. கொஞ்ச வருசமாவே வர்றதில்ல.

வட்டமா ஒரு மைதானம். வெயில்ல உக்கார ஒரு டிக்கெட்டு, நெழல்ல உக்கார ஒரு டிக்கெட்டு. பொம்பளைங்க விசிறிய வச்சு வீசிக்கிட்டு உக்காந்திருக்காங்க. பேண்டு வாத்தியம் வாசிக்கிறான். எல்லாம் நம்ம திருவிழா மாதிரிதான் இருந்துச்சு. எனக்குச் சந்தோசமா இருந்துச்சுன்னா பாத்துக்கங்களேன்.

கதவத் தொறந்தான். வந்துச்சு தம்பி மாடு. கரு கருன்னு. அப்படி ஒரு மாட்ட நான் பாத்ததில்ல. மண்ணக் கௌப்பிக்கிட்டு வந்து நடுவுல நின்னு ஒரு பார்வை பாத்துச்சு. நான் எந்திரிச்சுட்டேன். 'இது ராசா மாடுய்யா!'ன்னு எமிலியோ முதுகுல ஒரு தட்டு தட்டுனேன். எவன் எறங்கி அணையப் போறான்னு பாத்துக்கிட்டே இருக்கேன்.

ஒருத்தனும் அணையல. குதிரையில ஒருத்தன் வர்றான். குதிரைக்குக் கண்ணக் கட்டியிருக்கான், சுத்தி மெத்தையக் கட்டியிருக்கான். மேல தடியா உக்காந்துக்கிட்டு, கையில ஈட்டி. ஈட்டிய எங்க எறக்குறாங்கறீங்க? பிடரியில. திமில் ஆரம்பிக்குற எடம். நம்ம பயலுக கட்டிப் புடிச்சுத் தொங்குற எடம் தம்பி அது! ஒரு தாய் புள்ளையத் தூக்குற மாதிரி அணையுற எடம். அங்க குத்துறான். குத்திட்டு அமுக்குறான். ரத்தம் முன்னங்காலு வரைக்கும் வழியுது. அப்புறம் ரெண்டு பேரு கலர்க் காயிதம் சுத்துன கம்பியக் கொண்டாந்து அதே எடத்துல சொருகுறாங்க. சொருகிட்டுக் குதிச்சுக் குதிச்சு ஓடுறானுங்க, அதுக்குக் கை தட்டு.

'ஏய்யா, இது என்னய்யா?'ன்னு எமிலியோவக் கேக்குறேன். அவரு என்னமோ வெளக்கம் சொல்றாரு. வெளக்கமாம் வெளக்கம்.

கடைசியா வந்தான் ஜிகினாச் சட்டைக்காரன். துணிய ஆட்டுறான், மாடு போவுது. ஆட்டுறான், போவுது. பாதி உசுரு போன மாட்டோட என்னடா விளையாட்டு? தெம்பா வந்தப்போ எங்கடா போயிருந்த? நம்ம வாடிவாசல்ல வந்து நில்லு, மயிலைய விடுறேன், அப்பத் தெரியும் உன் ஜிகினா. இத நான் வாய்விட்டே சொன்னேன். எமிலியோ 'ஓலே'ங்குறாரு, நம்ம சபாசு மாதிரி. நான் ஆச்சா போச்சான்னு கத்துறேன், அவரு நான் ரசிக்கிறேன்னு நெனச்சு எங்கூடச் சேந்து கத்துறாரு.

அப்புறம் வாள எடுத்தான். சொல்ல மாட்டேன் அத. மாடு முட்டி போட்டுச்சு. அம்புட்டுதான் தம்பி. முட்டி போட்டு, அப்படியே ஒருக்களிச்சுப் படுத்துருச்சு.

நம்ம பக்கம் என்ன இருந்தாலும் மாடு வீட்டுக்கு வந்து சேந்துரும். அதத்தான் நான் அங்கேயும் சொன்னேன், இங்கேயும் சொல்றேன். நம்ம ஊர்ல மாடு வீட்டுக்கு வந்து சேரும்.

இப்பத்தான் என் தலையெழுத்தக் கேக்கணும் நீங்க. மாடு விழுந்ததும் அம்புட்டு சனமும் எந்திரிச்சுச்சு. ஒவ்வொருத்தரும் ஒரு வெள்ளைக் கைக்குட்டைய எடுத்தாங்க. எடுத்து ஆட்டுறாங்க. மைதானம் பூரா வெள்ளை வெள்ளையா ஆடுது. எங்க ஊர்ல கோயில் மாடு செத்தப்போ இப்படித்தான். ஊரே கூடி, வெள்ளை வேட்டியும் துண்டுமா கோடி போர்த்துனோம், மாலை போட்டோம், கொட்டடிச்சுக் கொண்டு போயிப் பொதச்சோம். மாடே தெரியல, அம்புட்டுத் துணி. சரி, இவனுங்களும் மனுசங்கதான்யா, பண்றதப் பண்ணிப்புட்டுக் கடைசியில மாட்டுக்கு மரியாதை செய்றானுங்க, எட்ட நிக்கிறதால கோடியக் கையில வச்சு ஆட்டுறானுங்கன்னு நெனச்சேன். வேற எப்படி நெனப்பேன், சொல்லுங்க? அழுதுட்டேன். தோள்ல கெடந்த துண்ட எடுத்தேன். எல்லாருக்கும் கைக்குட்டை, எனக்கு நாலு முழத் துண்டு. ரெண்டு கையாலயும் புடிச்சு மைதானத்துக்கே தெரியுற மாதிரி ஆட்டுனேன்.

எமிலியோ என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. சுத்தி இருந்தவனெல்லாம் என்னப் பாத்துத் தலையாட்டுறான்.

மேல உக்காந்திருந்த பெரிய ஆளு ஒருத்தன் தலையசைச்சான். கீழ ஒருத்தன் கத்தியோட போனான். மாட்டோட காத அறுத்தான் தம்பி. அறுத்து அந்தக் கொன்னவன் கையில குடுத்தான். அவன் அதத் தூக்கிக் காட்டிக்கிட்டு சுத்தி வர்றான். அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. அந்தக் கைக்குட்டையெல்லாம் மாட்டுக்கு இல்ல. 'இவன் நல்லாக் கொன்னுட்டான், இவனுக்கு அந்தக் காதக் குடு'ன்னு கேக்குறது. சனம் ஆட்டுனாத்தான் குடுப்பானாம். அதுல பெரிய துணிய ஆட்டுனவன் எவன்? நான்! கீழப்பொட்டல் வெள்ளைக்கண்ணு! பரம்பரையா மாட்டுக்குப் பொங்க வைக்கிற குடும்பத்துல பொறந்தவன்!

விட்டேனா? 'அடேய்! செத்த மாட்டோட காத அறுக்குறியேடா, நீ வெளங்குவியாடா'ன்னு எட்டு ஊருக்குக் கேக்குற மாதிரி கத்துனேன். துண்ட விரிச்சுப் புடிச்சுக்கிட்டு, 'மண்ண அள்ளிப் போடுங்கடா இதுல'ன்னு கத்துறேன். அவன் என்னப் பாத்துட்டான். வேட்டி கட்டுன ஒரே ஆளு நான்தான், தெரியாதா? சிரிச்சுக்கிட்டே கிட்ட வந்தான். கைய ஓங்குனான். அந்தக் காத எறிஞ்சான். விரிச்ச துண்டுல வந்து பொத்துன்னு விழுந்துச்சு.

வாங்கிட்டேன்னு சொல்லாதீங்க. விழுந்துச்சு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

மைதானமே எந்திரிச்சு என்னப் பாத்துக் கை தட்டுது. விசிலடிக்கிறான். பேண்டுக்காரன் வேகமா வாசிக்கிறான். ஒரு கெழவர் வந்து என் கையப் புடிச்சுக் குலுக்குறாரு. அம்புட்டுப் பேரும் நிக்கும்போது நாம உக்கார முடியுமா தம்பி? நின்னேன். ஒரு கும்பிடு போட்டேன். அது பழக்கம். மேடையில பரிசு வாங்குனா நாலு பக்கமும் கும்புடுவோம்ல, அந்தப் பழக்கம். அம்புட்டுதான். உள்ளுக்குள்ள கொதிச்சுக்கிட்டுத்தான் கும்பிட்டேன்.

அதத் துண்டுல சுத்தி வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன். பின்ன என்ன பண்ணச் சொல்றீங்க? வழியில போட்டுட்டா வர முடியும்?

வைரவன்தான் கதவத் தொறந்தான். பஞ்சவர்ணம் தரையில உக்காந்து என்னமோ நீளமா ஒரு காய், அத நறுக்கிக்கிட்டிருந்தா. வெள்ளைத் துண்டு பூரா ரத்தம். அவ அத ஒரு பார்வை பாத்தா.

நான் ஆரம்பிச்சேன். மனசுல இருந்ததெல்லாம் கொட்டுனேன். 'இந்த ஊர்லதான் நீ இருக்கணுமா? இவனுங்களோடதான் உனக்குப் பொழப்பா? ஒரு உசுரு மண்ணுல கெடக்குது, அத மரியாதையா எடுத்துப் போடணும்னு ஒருத்தனுக்குத் தோணல. கை தட்டுறான்! பேண்டு அடிக்கிறான்! உசுரு போன எடத்துல பரிசு குடுக்குறான், அத ஒருத்தன் வாங்கிக்கிட்டுச் சிரிக்கிறான்! இவனெல்லாம் ஒரு தகப்பனுக்குப் பொறந்தவனா? இவனுங்க வீட்டுல பொம்பளைங்க இவனுக்கு எப்படிச் சோறு போடுறாங்க? நம்ம மாடு வீட்டுக்கு வந்து சேருதுடா!'ன்னேன்.

அப்பத்தான் தம்பி அந்த வார்த்தையச் சொன்னான். நான் பெத்தவன் சொன்னான். சத்தங்கூடப் போடல. 'அண்ணன் அங்க கெடக்கும்போது மேடையில ஏறி பீரோவ வாங்குனீங்களேப்பா'ன்னான்.

எப்படி இருக்கும் எனக்கு?

அது என்னன்னு சொல்லிர்றேன், இல்லாட்டி நீங்க என்னத் தப்பா நெனப்பீங்க. எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். சோணைமுத்து. மாடுபுடி வீரன். சிங்கம். சில வருசத்துக்கு முன்ன பக்கத்து ஊரு சல்லிக்கட்டுல எவனும் தொட முடியாத ஒரு மாட்ட அணைஞ்சான். மைக்குல சொல்றாங்க, 'மாடு பிடித்த சோணைமுத்துவுக்கு ஒரு பீரோ'ன்னு. அடுத்து வந்த மாட்டுலயும் பாஞ்சான். அது வயித்துல குத்திருச்சு. குத்துன்னா, நல்ல குத்து. ஆம்புலன்ஸ்ல ஏத்துனாங்க. நானும் ஏறத்தான் போனேன் தம்பி, சத்தியமா. ஒரு காலத் தூக்கி வச்சுட்டேன். அந்நேரம் மைக்குல கூப்பிடுறாங்க. 'மாவீரன் சோணைமுத்துவின் தந்தை வெள்ளைக்கண்ணு அவர்கள் மேடைக்கு வரவும்.' சனம் பூரா எந்திரிச்சு நிக்கிது. போகலைன்னா அவனுக்கு என்ன மரியாதை? அவன் புடிச்ச மாடு, அவன் பேருல குடுக்குறாங்க, தகப்பன் போயி வாங்கலைன்னா ஊரு என்ன சொல்லும்? போனேன். வாங்குனேன். கும்பிட்டேன்.

அப்புறம் ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். பீரோவக் குட்டி லாரியில ஏத்திக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். அத வழியில போட்டுட்டா வர முடியும்? நான் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. பஞ்சவர்ணமும் சின்னவனும் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறாங்க. வண்டி வந்து நின்னுச்சு. பீரோவுக்கு மாலை போட்டிருந்தாங்க, விழாக் கமிட்டிக்காரங்க. அவ அந்த மாலையையே பாத்துக்கிட்டு நின்னா. அவ்வளவுதான் நடந்தது. இதுல என் தப்பு என்ன இருக்கு?

இன்னைக்கும் அந்தப் பீரோ வீட்டுல இருக்கு. நடு வீட்டுல. ஆளுயரக் கண்ணாடி வச்சது, கதவுல சோணை பேரு எழுதியிருக்கு. பஞ்சவர்ணம் அதுல ஒரு சேலை வச்சதில்ல. கொடியிலயே போட்டுக்குவா. சோம்பேறித்தனம், வேற என்ன? நான்தான் மயிலையோட சலங்கை, நெத்திப்பட்டை எல்லாம் அதுல வச்சிருக்கேன். மயிலைய சோணை தவறுன வருசமே வாங்குனேன், அவன் நெனவா. 'மறைந்த வீரர் சோணைமுத்து நினைவாக'ன்னு மைக்குல சொல்லித்தான் அவுத்து விடுவாங்க. அதுக்குத் தீனி வைக்கிறதெல்லாம் அவதான். அவ கையால வச்சாத்தான் வாய வைப்பான்.

இப்பச் சொல்லுங்க. அந்தக் காதும் இந்தப் பீரோவும் ஒண்ணா? அவன் கொன்னுட்டு வாங்குறான். நான் பறிகொடுத்துட்டு வாங்குனேன்! ரெண்டையும் ஒரே தட்டுல வைக்கிறானே, படிச்சவன்!

பஞ்சவர்ணம் அவன் வாயில ரெண்டு போடுவாளான்னு பாத்தேன். அப்பனப் பாத்து இப்படிப் பேசலாமாடான்னு ஒரு வார்த்தை கேப்பாளான்னு பாத்தேன். கேக்கல. நான் திரும்பவும் சொன்னேன், 'நம்ம மாடு வீட்டுக்கு வந்து சேருதுடா'ன்னு. அவ நறுக்குறத நிறுத்துனா. 'ஆமா, மாடு வந்துருச்சு'ன்னா. திரும்ப நறுக்க ஆரம்பிச்சுட்டா.

அப்புறம் எந்திரிச்சு வந்து என் கையிலேருந்து துண்ட வாங்கிக்கிட்டா. கீழ எறங்கிப் போனா. அடுக்கு வீட்டுக்குப் பின்னாடி ஒரு மரம் இருக்கு, அதுக்கடியில சோத்துக் கரண்டியால தோண்டுறா. நான் மாடியிலேருந்து பாக்குறேன். காத அப்படியே துண்டோட வச்சு மூடிட்டா. நல்ல துண்டு தம்பி, போறப்பத்தான் வாங்குனது. மூடிட்டு அந்த மண்ணு மேல கைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அழுதா. ஒரு முன்ன பின்ன தெரியாத மாட்டுக்கு அம்புட்டு அழுகை. சோணை போனப்பக்கூட அவ அழுது நான் பாக்கல.

ஊருக்குக் கெளம்புற அன்னைக்குப் பெட்டியெல்லாம் கட்டியாச்சு. ஒரு பெட்டிதான் இருக்கு. 'உன் பெட்டி எங்கடி?'ங்கறேன். 'நீங்க போங்க. மாட்டுக்கு ஆளு வேணும்ல'ங்குறா. பாத்தீங்களா, அப்பவும் மாட்டு மேல எம்புட்டு அக்கறை! 'நீ எப்ப வருவ?'ன்னேன். 'விசா முடிஞ்சதும் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அந்தப் பீரோவ வெளிய எடுத்துப் போட்டுட்டுச் சொல்லி அனுப்புங்க, அப்ப வர்றேன்'னா.

எடுத்துப் போடணுமாம்! எம் மகன் பேரு எழுதுனது தம்பி. அவன் வாங்குனது. அத எவன் வீட்டுக் குப்பையில போடுறது? ஊர்ல எவனாச்சும் கேட்டா என்ன சொல்லுவேன்? போட மாட்டேன். அவ வந்தாலும் சரி, வராட்டியும் சரி, போட மாட்டேன். காலையில சித்தப்பா மகன் போன் பண்ணான், மயிலை சரியாத் தீனி எடுக்கலைன்னு. பசிச்சாத் திங்கிறான். நான் வைக்கிறேன். என் கையில தின்ன மாட்டானா? தின்பான்.

நீங்க பொதுவான ஆளு. அக்கம்பக்கம் இல்ல, சொந்தம் இல்ல. நியாயத்தச் சொல்லுங்க. காதும் பீரோவும் ஒண்ணா?

என்ன தம்பி, சொல்லுங்க.

ஏன் இப்படிப் பாக்குறீங்க? வாயத் தொறந்து எதுனாச்சும் சொல்லுங்களேன். அவளும் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு இப்படித்தான் பாத்தா.

சரி விடுங்க. அந்தச் செல்லைப் போட்டுக்கங்க. இல்ல, பரவால்ல, போடுங்க. சத்தத்தக் கூட்டியே வைங்க.